பணிக்கு வராத நட்டின் விளக்கக் கடிதம்

அனுப்புநர்: நட்டு (முன்னாள்), இரண்டாம் எண் டர்பைன்.
பெறுநர்: நிர்வாகம், சயானோ-சூஷென்ஸ்கயா நீர்மின் நிலையம், யெனிசெய் ஆறு, ககாசியா, ரஷ்யா.
பொருள்: 17.8.2009 அன்று பணியிடத்தில் இல்லாமை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

ஐயா,

டர்பைன் மேல்மூடியை இறுக்கிப் பிடிக்க 80 போல்ட்டுகள். அந்த மூடி பெயர்ந்து பறந்த அன்றைய விபத்துக்குப் பிறகு துழாவி 49-ஐ எடுத்தீர்கள். அதில் ஆறின் மரை சிதையவே இல்லையாம். நட்டு இருந்து பிய்த்துக்கொண்டு போயிருந்தால் மரையும் நாசமாகியிருக்கும். ஆகவே அந்த ஆறிலும் நட்டே இல்லை என்று விசாரணை அறிக்கை முடிவுகட்டியது. அந்த ஆறில் ஒருவன் அடியேன். தானாகக் கழன்றேனா, யாரும் கழற்றினார்களா, முதலில் மாட்டினார்களா என்பதெல்லாம் உங்கள் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டிய சங்கதி. என்னைக் கேட்டால்?

தமிழில் புத்தி பேதலித்தவரை ‘நட்டு கழண்ட கேஸ்’ என்பார்கள். விபத்துக்கு முந்தைய இரவு எது கழன்றிருந்தது என்பதில் எனக்கே குழப்பம். 16-ஆம் தேதி பிராட்ஸ்க் நீர்மின் நிலையத்தில் தீ. மின்தேவைக்கு ஏற்ப உற்பத்தியை ஏற்றி இறக்கும் அதன் வேலை நம் தலையில் விழுந்தது. இருக்கும் பத்து இயந்திரங்களில் எங்கள் இரண்டாம் எண்ணைத்தான் முன்னே தள்ளினீர்கள்.

நாங்கள் ஃபிரான்சிஸ் ரகம். முழுச் சுமையில் ஒழுங்காக ஓடுவோம். நடுவாந்தரத்தில்தான் வம்பு. சக்கரத்தைவிட்டு இறங்கும் தண்ணீர் முறுக்கிய கயிறுபோலச் சுழன்று குழாயை மொத்தும். அந்த மொத்தல் மேலே போல்ட் வரைக்கும் ஏறும். அதனால்தான் அந்த எல்லைக்குள் நிற்காதே, கடந்துபோ என்று விதி எழுதினீர்கள். கடந்தோம். திரும்பி வந்து கடந்தோம். மறுபடியும் கடந்தோம். விதியை மீறினோம் என்று யாரும் சொல்ல முடியாது.

டர்பைனுக்கு வாய் கிடையாது. நடுக்கம்தான் அதன் பாஷை. 160 மைக்ரான் வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. காலை 8.13-க்கு 840 என்கிறது அறிக்கை. இதைவிடச் சத்தமாக எப்படிக் கத்துவது?

என்னை விடுங்கள், பணியில் இருந்தவர்கள் லட்சணத்தைப் பாருங்கள். கிடைத்த 49 போல்ட்டுகளில் 41-இல் உலோகச் சோர்வு வெடிப்பு. 1979 நவம்பரில் ஓடத் தொடங்கிய டர்பைனுக்கு ஆயுள் 30 ஆண்டு. ஓய்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. 2009 தொடக்கத்தில் பழுதும் பார்த்தாயிற்று, வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் மீயொலிச் சோதனையை போல்ட்டுகளுக்கு மட்டும் செய்யாமல். (1983-இல் தஜிகிஸ்தானின் நூரெக்கிலும் மூடியின் போல்ட்டுகள்தான் அறுந்தன. பழைய கோப்பு, தூசி தட்ட ஆள் இல்லை போலும்.)

245 மீட்டர் அணை அசையவில்லை. அதன் காலடியில் இருந்த இயந்திரக்கூடத்துக்குள்தான் ஆறு புகுந்தது. 6,400 மெகாவாட் நிலையத்தில் நீர்க்கதவை இறக்க மின்சாரம் இல்லை. ஊழியர்கள் அணை உச்சிக்கு ஏறி, கையால் இறக்கினார்கள். கீழே இருந்தவர்களில் 75 பேர் திரும்பவில்லை. இந்த இடத்தில் எனக்குப் பகடி வரவில்லை, ஐயா.

ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதானால் ஒரு வேண்டுகோள்: நான் பணியில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு உத்தரவிடவும். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

இப்படிக்கு,
நட்டு.

நகல்: மற்ற ஐவருக்கு, விலாசம் கிடைத்தால்.