டாங்கி அண்ணன்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களில் தெருவுக்கு ஒரு பாட்டுக்காரர், ஒரு நாலு நம்பர் நிபுணர், ஒரு மான்செஸ்டர் யுனைடெட் பக்தர் கட்டாயம் இருப்பார்கள். டாங்கி அண்ணன் அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படமாட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிய ஒரு மூலையில் இருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் அங்கிருந்து கம்ப்ரஸர் சத்தம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் அதை நம்பி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு டயருக்குக் காற்றடிக்க வந்துவிடுவார். "இது ஏர்பிரஷுக்குலா அண்ணே" என்று விளக்குவதைவிடக் காற்றடித்துக் கொடுப்பது எளிது என்பதை அண்ணன் எப்போதோ கண்டுகொண்டார்.

பகலில் செம்பனை ஆலையில் சூப்பர்வைசர். இரவில், பிளாஸ்டிக் மாதிரி டாங்கிகளை ஒட்டிச் சேர்க்கும் ஜெர்மன் ராணுவத்தின் பொருத்துநர். அதிலும் ஊர் உலகமே செய்கிற டைகர் டாங்கி அவருக்கு ஆகாது. "அது கல்யாண வீட்டு சாம்பார், எல்லா எலையிலயும் இருக்கும்" என்பார். அவருக்கு வேண்டியது விமான எதிர்ப்பு வண்டிகள். அதிலும் உருப்படாமல் போனவை. இரண்டாம் உலகப் போரின் பிற்பாதியில் ஜெர்மனியின் தலைக்குமேல் நேச நாட்டு விமானங்கள் பறக்காத நாளே இல்லை என்றானபோது, டாங்கியின் முதுகில் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு 20 மில்லிமீட்டர் குழாய்கள் வைத்த விர்பெல்வின்ட், ஒற்றை 37 வைத்த ஓஸ்ட்வின்ட், உருண்டைக் கூண்டுக்குள் இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த குகல்பிளிட்ஸ். மூன்றுமே பான்சர் 4 டாங்கியின் உடம்பில் ஏறியவை. குகல்பிளிட்ஸ் கைவிரலில் எண்ணுகிற அளவுக்கு வெளியே வருவதற்குள் போரே முடிந்துவிட்டது.

அண்ணனின் இஷ்ட தெய்வம் அதுவும் இல்லை. கோயலியன். பாந்தர் டாங்கியின் மேல் இரட்டை 37 மில்லிமீட்டர் பீரங்கி. ரைன்மெட்டால் நிறுவனத்தார் அதன் கூண்டை மரத்தில் செய்து வைத்துப் பார்த்தார்கள், பார்த்ததோடு சரி. அண்ணன் ராத்திரி ராத்திரியாய் உட்கார்ந்து செய்வது, ஆகவே, மாதிரிக்கு ஒரு மாதிரி. ஆனாலும் அதற்கு என்ன நிறம் என்று பினாங்கு நண்பர் ஒருவரோடு நடக்கும் தகராறு மூன்று தீபாவளியைத் தாண்டிவிட்டது. 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மன் வண்டிகளுக்கு அடிப்படை நிறம் கருமஞ்சள், அதன்மேல் பச்சையும் செம்பழுப்பும் அடிக்கலாம் என்பது அண்ணன் கட்சி. கூண்டு மரமென்றால் மரத்தின் நிறம்தானே என்பது பினாங்கு கட்சி. இருவரும் பார்த்தது ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தை.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணி. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளிக்குள் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடி, எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கட்டிப்பாலுக்குள் கல் வைத்து எடை ஏற்றினால் மூட்டையைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். கித்தா போய் செம்பனை வந்தது, கொட்டகையும் போயிற்று, அந்தக் கண் மட்டும் மகனுக்கு இறங்கிவிட்டது. அளப்பதற்கு அதற்கு ஏதாவது வேண்டுமே! ஜெர்மன்காரன் அகப்பட்டான்.

பான்சர் 4-க்குப் பக்கத்துக்கு 99 சங்கிலிக் கண்ணிகள். சில பெட்டிகளில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். கண்ணி ஒன்று சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அண்ணியின் புருவ இடுக்கியால் அதைப் பிடித்து, வார்ப்பில் பிதுங்கிய பிசிறைச் சுரண்டி, பசை தொட்டு, அடுத்ததோடு சேர்த்து, மூச்சை விடாமல் நிற்பார். ஒரு நாள் ஒன்று துள்ளி விழுந்தது. "யாரும் நடக்காதீங்க!" என்றார். பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். கைவிளக்கு வந்தது, குளிர்பெட்டி நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் அண்ணி ஒரு வருடமாகத் தேடிய கம்மல் திருகு கிடைத்தது. அதை அண்ணன் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தேடலைத் தொடர்ந்தார்.

அரை மில்லிமீட்டருக்கு இப்படிச் சண்டை போடுகிறவரிடம், இந்த மாதிரிகளின் ஒன்றுக்கு முப்பத்தைந்து அளவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைப் போட்டது. உள்ளே பேட்டரி நுழைய வேண்டும் என்று உடம்பின் பருமனை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னால், அப்பாவின் தராசைக் குறை சொன்னது மாதிரி முகம் போகும்.

பொட்டலம் வரும் நாளில் வாசலில் அண்ணிக்கு முன்னால் நிற்பார்.

"எவ்வளவுங்க?"

"கழிவுல வந்துச்சு. அம்பது வெள்ளி."

இருநூறுக்கும் குறையாத பெட்டி அது. அண்ணிக்கும் தெரியும். பீரோவுக்கு மேலே பிரிக்காத பெட்டிகள் உத்தரத்தைத் தொட்டுவிட்டன. அவர் ஓய்வு பெற்று நூறு வயது இருந்தாலும் முடிக்க முடியாது. வாங்குவதும் செய்வதும் வேறு வேறு பொழுதுபோக்கு என்று எனக்குப் படுகிறது. அடுப்படிக் குழாய் போன பொங்கலிலிருந்து சொட்டுகிறது என்பதை அண்ணி நினைவூட்டினால், "வாஷர் அளவு பாக்கணும்" என்பார். அளவு இன்னும் பார்த்தபாடில்லை.

கோலசிலாங்கூரின் ஆற்றுமுகக் காற்று வேறு அவருக்குப் பகை. ஈரப்பதம் ஏறிய நாளில் மங்கல் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதனால் தஞ்சோங் காராங் நெல்லுக்காரர்களைவிட அதிகமாக வானம் பார்ப்பார். உறவினர் வந்தால் புக்கிட் மெலாவத்திக்கு அழைத்துப் போவார். அவர்கள் குரங்குக்குக் கடலை கொடுக்கும்போது, இவர் பழைய பீரங்கியில் மூக்கு முட்ட நின்று துருவைப் படமெடுப்பார்.

வீட்டில் அவரை மடக்கக்கூடிய ஒரே ஆள் தொண்ணூறு தாண்டிய அப்பத்தா. 1942 ஜனவரியில் ஜப்பானியர் சிலாங்கூருக்குள் வந்ததைத் தோட்டத்து லயத்திலிருந்து பார்த்தவள். அவளுடைய அண்ணன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. டாங்கி அண்ணனின் அலமாரியில் ஐரோப்பாவின் போர் முழுதும் இருக்கிறது. அப்பத்தா பார்த்த போருக்கு ஒரு தட்டும் இல்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

போன மாதம் அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கோயலியனை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய வண்டி வச்சிருந்தவனா தோத்தான்?"

"ஆமா அப்பத்தா."

"இங்க வந்தவன் சைக்கிள்லதானடா வந்தான். நாட்டையே புடிச்சிட்டான்."

அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"அந்தச் சைக்கிளு என்ன கலரு அப்பத்தா?"