பெரும்பாறைக்கு எதற்கு உளவியலாளர்?

பெரும்பாறையில் பிளஸ் டூ முடித்த தங்கச்சிக்கு,

உளவியல் படித்து, சொந்த ஊரிலேயே அதை வைத்துப் பிழைக்கப் போகிறேன் என்கிறாயாம். நர்சிங் போ, பி.எட். போ என்ற வீட்டாரின் பேச்சை நீ கேட்கவில்லை. உன்னைப் போன்றவர்களுக்காக அரசாங்கம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளைச் சொல்கிறேன், கேள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து மலைமேல் இருந்தாலும் பெரும்பாறையும் இந்தியாவில்தான் இருக்கிறது. ஆகவே காபிப் பழம் பறித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக் கிடக்கிற உன் அத்தைக்கும் அந்த உரிமை உண்டு. அதை வாங்கிக்கொள்ள அவள் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் கூலி போகும். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வெளியே வரும். திண்டுக்கல்லில் சீட்டுப் போட்டு வரிசையில் நின்றால் மாத்திரை கிடைக்கும். உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும் என்றால்? கடைசி பஸ் போய்விடும், அத்தை கிளம்பட்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996 முதல் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குழு, குழுவில் ஒரு உளவியலாளர், அதுவும் ஒப்பந்தப் பணி. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். பணியிடம் காலி இல்லை என்று உன்னிடம் சொல்வார்கள். உண்டாக்கினால்தானே காலியாக?

இனிப் படிப்பு. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள எம்.ஏ. போதாது என்பதுதான் விதியாக இருந்தது. அதன்மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு. இதில் எனக்கு மறுப்பில்லை. அரைகுறை ஆளிடம் யாரும் மாட்டக் கூடாது. ஆனால் 2020 கல்விக் கொள்கை எம்.ஃபில்லே வேண்டாம் என்றது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதை ஒழித்து விதி போட்டது. சட்டம் கேட்கிற பட்டமே அதுதான் என்பது பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. 2024 ஜனவரியில், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று ஒரு அறிவிப்பு. டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒரு மனநிலைப் பரிசோதனை தேவை என்று நான் சொன்னால் வழக்கு வரும், சொல்லவில்லை.

சென்னை, பெங்களூரு ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லாத பிள்ளைகள் இக்னோவிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தபால் வழியில் உளவியல் படித்தார்கள். 2025 ஆகஸ்டில் யுஜிசி அதையும் நிறுத்தச் சொன்னது. மனசை நேரில்தான் படிக்க வேண்டும், சரி. தபாலை நிறுத்தினால் பஸ்ஸாவது விட வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று ஒரு நல்ல காரியம் செய்தது. 100 பேருக்குக் குறையாமல் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. நூறுக்குக் குறைந்தால் வெளியிலுள்ள நிபுணரோடு தொடர்பு இருந்தால் போதும். ஆக, 99 பிள்ளைகள் படிக்கிற மலைப் பள்ளியில் உனக்குக் கிடைக்கப்போகும் பதவி, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒரு போன் நம்பர்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் வந்தது. எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். கிண்டல் இல்லை, உருப்படியான சேவை. உன் அத்தையும் பேசலாம். சிக்னல் கிடைக்கிற வளைவு வரை நடந்து போய், மிளகு மூட்டை ஏற்றுகிறவர்கள் காதில் விழ, புருஷனின் குடியைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும்.

போட்டி இல்லாத தொழில் என்றும் நினைத்துவிடாதே. கொடைக்கானல் பக்கம் வார இறுதியில் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அதற்குக் கவுன்சில் பதிவை யாரும் கேட்பதில்லை. அந்தக் காசும் இல்லாதவர்களுக்கு மந்திரித்த கயிறு, குறி, கோடாங்கி. அதிலும் தீராவிட்டால், மனநோய்க்குக் குணம் தேடிப் போகும் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. கொண்டுபோய் விட்ட சொந்தக்காரர்களைத் திட்டித் தீர்த்தோம். அவர்களுடைய ஊர்களில் யாரை நியமித்து வைத்திருந்தோம் என்று கேட்டோமா?

இத்தனைக்குப் பிறகும் நீ படிப்பாய் என்று தெரியும். படி. நேர்காணலில் எவனாவது, "மலையில் உளவியலாளருக்கு என்னம்மா வேலை இருக்கிறது?" என்று கேட்டால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கை அவன் மேசையில் வை. அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் அப்படிச் செத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர்கள்.