கழுகுக்குப் பங்காளி ஆரு?

காடைக் கூட்டம்னு குலப்பேரைச் சொல்லி மார்தட்டிக்கிட்டுத் திரியறியே கண்ணு, காடைக்கு நெருங்கின ஒறம்பரை ஆருன்னு தெரியுமா? வாத்து.

மூஞ்சியைச் சுளிக்காத. காடை, கவுதாரி, கோழி, மயிலு எல்லாம் ஒரே வீடு. அதுக்கு ஒட்டின அடுத்த வீடுதான் வாத்து. நெருப்புக்கோழி வகையறாவைத் தள்ளிப்போட்டுப் பாத்தா, மத்த அத்தனை பறவைகளையும் விட்டு மொதல்ல பிரிஞ்சது இந்த ரெண்டு வீடுதான். உன்ற சிநேகிதன் ஆந்தைக் கூட்டத்துக்காரன், அவன் கொஞ்சம் குடுத்து வெச்சவன். 2024-ல 363 வகைப் பறவையோட மரபணுத் தொகுதியைப் படிச்சு ஒரு வம்சாவளி போட்டாங்க. அதுல ஆந்தைக்குப் பக்கத்துலயே பருந்தும் கழுகும் உக்காந்திருக்குது. இதை அவங்கிட்டச் சொல்லிப்போடாத, அப்புறம் பொண்ணு குடுக்கறதுக்கே யோசிப்பான்.

வல்லூறு கதை இன்னும் ருசி. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல வேகமெடுத்து மானத்துலிருந்து பாயுமே பெரிகிரின் வல்லூறு, அதைத்தான் சொல்றேன். வளைஞ்ச மூக்கு, கூர் நகம், மொறைச்ச பார்வை. கழுகுக்குத் தம்பின்னுதான் படிச்ச மகராசனுகளும் நெடுங்காலம் நம்பினானுக. 2008-ல அமெரிக்காவுல 169 வகைப் பறவையோட மரபணுவைப் பாத்துப்போட்டு, இது கழுகுக்கு அண்ணனுமில்ல தம்பியுமில்ல, கிளிக்கும் குருவிக்கும்தான் சொந்தம்னு சொன்னாங்க. ஆமாங்கண்ணு, சோசியக்காரன் கூண்டுல ஒரு நெல்லுக்குச் சீட்டு எடுத்துக் குடுக்குதே, அந்தக் கிளியேதான். இரையைக் கிழிச்சுத் திங்கணும்னு வல்லூறும் கழுகும் தனித்தனியா அதே மூக்கை வளத்துக்கிச்சு, அவ்வளவுதான். மூக்கைப் பாத்துச் சம்பந்தம் பேசற நம்மூர்த் தரகனுக்கு இதை ஆராச்சும் எடுத்துச் சொல்லோணும்.

வாய்ப்பேச்சு எதுக்கு, அத்தாட்சி என்னங்கற? உன்ற பெரியப்பன் வீட்டுப் பத்திரத்தையும் உங்க வீட்டுப் பத்திரத்தையும் பக்கத்துல வெச்சுப் படி. செக்குபந்தியில வாய்க்காலுக்குக் கெழக்கேன்னு இருக்கவேண்டிய எடத்துல எழுத்தர் மேக்கேன்னு எழுதியிருந்து, அதே பிழை ரெண்டுலயும் அதே வரியில நின்னா, ரெண்டும் ஒரே மூலப் பத்திரத்தைப் பாத்து எழுதினது. சரியா எழுதினது ஆருகிட்ட வேணும்னாலும் இருக்கும். ஒரே தப்பு பங்காளிகிட்டத்தான் இருக்கும். மரபணுவுலயும் அதே கதைதான். தன்னையே நகலெடுத்துக்கிட்டுப் போயி வேற எடத்துல சொருகிக்கிற துண்டுக அதுல உண்டு. 2011-ல ஜெர்மனிக்காரங்க அந்தச் சொருகலைத் தேடிப் புடிச்சாங்க. கிளி, குருவி, வல்லூறு மூணுலயும் அதே எடத்துல அதே சொருகல். கழுகுகிட்ட அது இல்ல.

ஆனா ஒண்ணு, வெறும் எண்ணிக்கையைப் பாத்து ஏமாந்துபோடாத. கோழிக்குக் குரோமோசோம் 78, நெருப்புக்கோழிக்கு 80. முக்காவாசிப் பறவைக்கு ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். பெரிகிரின் வல்லூறுக்கு 50. பொடுசு பொடுசா இருந்த குரோமோசோமெல்லாம் மத்ததோட ஒட்டிக்கிச்சு. பருந்துக்கும் பொடுசு கொறைச்சல், கிளிக்கும் கொறைச்சல். அப்ப மூணும் ஒரு வீடுதானேன்னு குதிக்காத. எது எதோட ஒட்டுச்சுன்னு உத்துப் பாத்தா மூணுலயும் வேற வேற. அவங்கவங்க தனியாப் பண்ணிக்கிட்டது.

ஒரே சாதிக்குள்ளயும் இந்தக் குரோமோசோம் பொரட்டு நடந்திருக்குது. உள்ளான்ல ரஃப்னு ஒண்ணு, குளுருக்குக் கோடியக்கரைப் பக்கமெல்லாம் வரும். வடக்க முட்டை வெக்கிற சீசன்ல கழுத்துச் சிறகைச் சிலுப்பிக்கிட்டு ஆணுக ஒண்ணோடொண்ணு மல்லுக்கட்டும். அதுல ஒரு தினுசு ஆணு மட்டும் பொட்டையாட்டவே வேசம் கட்டி, சண்டைக்காரனுக நடுவுல பூந்து காரியத்தை முடிச்சுப்போட்டுப் போயிரும். 38 லட்சம் வருசத்துக்கு முந்தி 11-வது குரோமோசோம்ல 45 லட்சம் மரபணு எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு தலைகீழாத் திரும்பிக்கிச்சு. அந்த வேசத்துக்கு மூலம் அதுதான். தாய்கிட்ட ஒண்ணு, தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் தலைகீழாவே வந்துட்டா குஞ்சு தங்காது. சும்மா கெடைக்குமா சலுகை?

பேராசிரியருகளும் சறுக்கினாங்க. 2014-ல 48 பறவையோட முழு மரபணுவை வெச்சு, பூநாரையும் புறாவும் ஒரு வீடுன்னு எழுதினாங்க. பத்து வருசங்கழிச்சுக் குட்டு வெளிய வந்துச்சு. நாலாவது குரோமோசோம்ல 2 கோடியே 10 லட்சம் எழுத்துக்கு ஒரு துண்டு, ஆதியில தாய் பங்கும் தகப்பன் பங்கும் கலந்துக்காம அப்படியே நின்னுபோச்சு. அந்த ஒத்தைத் துண்டு சொன்ன பொய்ச்சாட்சியில புறா எடம் மாறிப்போச்சு. திரும்பப் படிச்சதுல புறா குயிலு பக்கம் போயிருச்சு. செவசெவன்னு ஒயரமா நிக்கிற பூநாரைக்கு மிச்சமிருக்கிற நெருங்கின சொந்தம் எது தெரியுமா? நம்ம குட்டையில ஆளைக் கண்டா முழுகற முக்குளிப்பான்தான். அது பாட்டுக்கு முழுகிக்கிட்டிருக்குது, சீமைச் சொந்தம்னு ஒரு நாளும் பீத்திக்கிட்டதில்ல.

கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழமை குளத்துக்குப் போறியாம்ல. போறப்ப பழைய பறவைப் புஸ்தகத்தை வீட்டுல வெச்சுப்போட்டு, புது வரிசைப்படி போட்டதா ஒண்ணு எடுத்துக்க. வல்லூறைக் கழுகுப் பக்கத்துல தேடி நேரத்தை வீணாக்காத. மரங்கொத்தியைத் தாண்டி, கிளிக்கு முந்தின பக்கத்துல இருக்கும்.