முதலில் தட்டி, அப்புறம் கூரை

ஆன் ஆர்பர், மிச்சிகன்

அன்புள்ள மாமாவுக்கு,

படம் விற்கிறவனுக்குக் கூடாரம் எதற்கு, வேப்பமரத்தடி போதாதா என்று கேட்டிருந்தீர்கள். ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட நீங்களே இப்படிக் கேட்டால் விவரமாகத்தான் எழுத வேண்டும். 1960இல் தொடங்கிய இந்த ஊர் ஓவியச் சந்தையை ஜூலை மாதத்தில், பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களை அடைத்து நடத்துகிறார்கள். பெரும்பாலான சந்தைகளில் ஓவியருக்குக் கிடைப்பது பத்துக்குப் பத்து அடி தார்ச்சாலை. கடையையும் கேலரியையும் அவரே அதில் எழுப்பி, முடிந்ததும் பிரித்து வேனில் ஏற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதலில் கூரையைத்தான் விலை விசாரிக்கிறார்கள். படங்களை மாட்டும் தட்டியைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

பெரிய சந்தைகளில் நினைத்தவுடன் போய்க் கடை விரிக்க முடியாது. சில ஓவியங்களின் புகைப்படத்தோடு கடையின் புகைப்படம் ஒன்றையும் தேர்வுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஓவியர் பெயர் தெரியக்கூடாது. பெயரை மறைத்த பிறகு அவருக்காகப் பரிந்து பேசுவது படமும் அதன் பின்னால் நிற்கும் தட்டியும்தான். கூரைக்கு அங்கே உள்ள ஒரே கடமை வெள்ளையாக இருப்பது. நீலத்துணி போட்டால் வெயில் அதன் வழியே இறங்கி, படத்தில் பழுத்த மாம்பழத்தைக் காயாக்கிவிடும். அதனால் பல சந்தைகளில் வெள்ளைக் கூரை என்பதே விதி. தட்டியில் முக்கியமாக மூன்று ஜாதி. கம்பிக் கட்டம் மலிவு, உறுதி. ஆனால் பின்னாலுள்ள அட்டைப்பெட்டியும் ஓவியரின் சாப்பாட்டு டப்பாவும் கட்டம் கட்டமாகத் தெரியும். நல்ல எண்ணெய் ஓவியமும் அதில் பனியன் கடைச் சரக்குபோலத் தொங்கும். கார்ப்பெட் ஒட்டிய தட்டி ஏழடி உயரம். கொக்கியை எத்தனை முறை குத்திப் பிடுங்கினாலும் தடம் தெரியாது, நின்று பார்த்தால் கேலரிச் சுவரேதான். ஆனால் பெரும்பாலும் மடங்காது, காரில் ஏறாது. மூன்றாவது வலைத்துணி. கூடாரச் சட்டத்திலேயே இழுத்துக் கட்டலாம், சுருட்டிப் பையில் போடலாம். காற்றில் ஒரு பகுதியும் அதில் புகுந்து போய்விடும்.

காற்றுதான் இங்கே முக்கியம். பத்தடி அகலம், ஏழடி உயரம் அடைத்த சுவர்மீது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், அது தள்ளும் பாரம் சுமார் 30 கிலோ. வேகம் 64 ஆனால் பாரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: 120 கிலோவைத் தாண்டும். சந்தைக்காரர்கள் வழக்கமாகக் கேட்பதோ காலுக்கு 18 கிலோ, நான்கு காலுக்கும் சேர்த்து 72. நகராட்சித் தார்ச்சாலையில் முளை அடிக்க விடமாட்டார்கள். பிளாஸ்டிக் குழாயில் கான்கிரீட் நிரப்பி மூலைக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எந்தத் தட்டி என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடை, எவ்வளவு தடித்த சட்டம் என்று சொல்ல முடியும். கூரையை முதலில் வாங்கியவர் இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டியிருக்கும்.

மடக்குக் கூடாரம் ஐந்தே நிமிடத்தில் விரிகிறதே, குழாய்க் கூடாரத்தின் சட்டத்தைப் பூட்ட ஒரு மணி நேரம் ஆகுமே என்பீர்கள். உண்மைதான். காற்றில்லாத ஒருநாள் சந்தைக்கு, கனமில்லாத படங்களோடு போகிறவருக்கு மடக்குக் கூடாரமே போதும். ஆனால் அதன் கத்தரிக்கோல் மூட்டுகள் மெல்லியவை, கூரைத்துணியும் எளிதில் தொய்யும். தொய்ந்த இடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் இரண்டு சென்டிமீட்டர் மழைநீர் நின்றாலே 20 கிலோ. வளைந்த கூரையுள்ள குழாய்க் கூடாரத்தில் அந்தத் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் விரிவது அதைவிடச் சீக்கிரம் மடங்கவும் கூடும். கீழே நனைவது ஒரு வருட உழைப்பு.

அப்படியானால் மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்தால் என்ன? உங்கள் கைவண்ணம் ஆடிக்காற்றையே தாங்கியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூங்கில் நட இங்கே குழி தோண்ட முடியாது. போதாக்குறைக்கு, தீயணைப்பு அதிகாரி கூரைத்துணி எளிதில் தீப்பிடிக்காது என்று முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். தென்னங்கீற்றைக் கண்டால் ஹோஸ் பைப்போடு வந்துவிடுவார்.

நல்ல தட்டி விலை அதிகம், அதனால்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். அதற்கும் வழி உண்டு. தொழிலை விடுகிற ஓவியர்கள் தட்டிகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கார்ப்பெட் தட்டி லேசில் கெடாது. ஓவியக் கல்லூரி முடித்து இந்தப் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், புதுக்கூடாரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பழைய தட்டி தேடச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்