அங்கே மிளகாய்தான் காய்கறி

கேள்வி: பூட்டானுக்குக் கிளம்புகிறேன். முன்கூட்டியே என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்? (வாசகர், தேனி)

பதில்: சிகரங்களை அண்ணாந்து பார்த்துக் கும்பிடலாம், உச்சிக்கு ஏற முடியாது! அவற்றைத் தெய்வங்களின் இருப்பிடமாக மதிப்பதால், 2003 முதல் சிகரம் ஏறவே தடை. 7,570 மீட்டர் உயர கங்கர் புன்சும் உச்சியில் இன்றுவரை மனிதக் காலடி படவில்லை. அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்ததே இதனால்தான். நிலத்தில் 60 சதவீதமாவது காடாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. கால்களுக்கு வேலை வேண்டுமென்றால் பாரோவில் தக்த்சாங் மடாலயத்துக்கு மலைப்பாதையில் நடக்கலாம்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பெர்மிட் வேண்டும். தினசரிக் கட்டணமும் உண்டு.

சாப்பாடா? 'எமா தட்ஷி' கேளுங்கள். சீஸில் வெந்த மிளகாய். அங்கே மிளகாய் தாளிக்க அல்ல, அதுவேதான் காய்கறி. குண்டூர் நாக்கே தண்ணீர் கேட்கும்!