மாதிரி ஆணைக் காசிமேட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்: பட்டினத்தார் கோயில் பக்கம் தினமும் நடந்து, தினமும் கலோரி எரித்து, தினமும் அதே எடையில் இருக்கும் ஒருவன், திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஹைதராபாத்.

பொருள்: எரிந்த கலோரி – கணக்கு ஒத்துவராமை – தங்கள் ‘மாதிரி ஆண்’ என்பவரை நேரில் அனுப்பிக் குறை தீர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் இடது மணிக்கட்டு, நேற்று காலை 6.40 மணி.

மதிப்பிற்குரியீர்,

நியாயமாக இந்தக் கடிதம் கடிகாரக் கம்பெனிக்குப் போக வேண்டியது. போனது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு மிஷின் பதில் போட்டது. நீங்கள் அரசு அலுவலகம். பதில் வராவிட்டாலும் யாராவது ஒருவர் துளைபோட்டுக் கோப்பில் கட்டி வைப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. தவிர, நீங்கள் எங்களுக்கு ஒருவகையில் ஊர்க்காரர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பித்த வேலைதானே வளர்ந்து பெருகி 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோனது! மலையிலிருந்து இறங்கியவர்கள் போகிற வழியில் ராயபுரத்துக்கும் ஓர் எட்டு வந்திருக்கலாம். சரி, போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் நடந்தால் ‘347 கலோரி’ என்கிறது. ஏறத்தாழ 350 என்று சொன்னால் நம்பியிருப்பேன். 347 என்றதும்தான் சந்தேகம் வந்தது. எங்கள் தெரு நகைக்கடைத் தராசுகூட இவ்வளவு தன்னம்பிக்கையோடு பேசியதில்லை. ஆனாலும் 347 எரித்தவனுக்கு இரண்டு வடை பாவமில்லை என்று மூன்று மாதம் நடந்தேன், மூன்று மாதம் தின்றேன். எடை இறங்கவில்லை, வடைக்காரர்தான் கடையைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.

பிறகு விசாரித்தேன். கடிகாரம் கலோரியை அளப்பதே இல்லையாம். அடியில் பச்சை விளக்கை அடித்து நாடியை எண்ணுகிறது, கை எப்படி ஆடுகிறது என்று பார்க்கிறது, வயது, எடை, உயரம் கேட்டுக்கொள்கிறது. மிச்சமெல்லாம் ஊகம். அந்த ஊகத்துக்கான சூத்திரத்தைக் கம்பெனிகள் பிரியாணி மசாலாவைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கின்றன. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கடிகாரங்களை 60 பேர் கையில் மாட்டி ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டுப் பார்த்தார்கள். நாடியை எண்ணுவதில் ஏழில் ஆறு நல்ல பிள்ளைகள். பிழை ஐந்து சதவீதத்துக்குள். கலோரிக்கு வந்ததும் ஒன்றும் தேறவில்லை. இருப்பதில் ஒழுங்கானதே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஒழுங்கானதையே என் கையில் கட்டியிருப்பதாக வைத்துக்கொண்டாலும், 347 என்பது 250ஆகவும் இருக்கலாம், 440ஆகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் வடை ஒன்று தாராளமாக நுழைந்து உட்கார்ந்துவிடும்.

நாடியை நம்பிப் பிழைக்கிற கடிகாரத்துக்கு எங்கள் பகுதி தோதான இடமும் அல்ல. எண்ணூர் விரைவு சாலையில் ஜீரோ கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் நிற்கும். சாலையைக் கடக்க ஒரு காலை வைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் ஏர் ஹாரன் அடித்தார். இதயம் தொண்டைக்கு வந்தது. நான் அசையாமல் நின்றேன், கடிகாரம் தீவிர உடற்பயிற்சி என்று வாழ்த்தியது. மே மாதப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே, உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் அனுப்பி அனுப்பி இதயம் வேகம் பிடிக்கும். அதுவும் கடிகாரத்தின் கணக்கில் உழைப்பு.

இவ்வளவும் என்னோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஒரு விபரீத யோசனையில், கடிகாரத்தைக் கழற்றி எங்கள் ஆட்கள் கையில் கட்டிப் பார்த்தேன்.

முதலில் மீன்பாடி வண்டி அண்ணன். காசிமேட்டிலிருந்து கல்மண்டபத்துக்கு ஐஸும் மீனுமாக மிதித்துக்கொண்டு போனார். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இறுகி இருந்ததால் கடிகாரத்துக்கு அவர் நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. பாதி வழியில், பாலம் ஏற எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில், ‘நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து சற்று நடங்கள்’ என்று துடித்தது. கல்மண்டபத்தில் இறங்கியதும் கழற்றிக் கொடுத்தார். “இன்னா சார் இது, நம்மளப் பாத்து எய்ந்து நடன்றது?”

அடுத்து எதிர்வீட்டு அக்கா. தலையில் சும்மாடு, அதன்மேல் மீன் கூடை, ஒரு கை கூடையில். கடிகாரம் இருந்தது அந்தக் கையில். கால் நடந்தது கைக்குத் தெரியவில்லை. தலையில் இருந்த பாரம் கடிகாரத்துக்குத் தெரியவில்லை. கையை வீசி நடந்தால் கணக்கு வரும் என்று விளக்கினேன். “ரெண்டு கையையும் வீசினா கூடைய உன் தலையில வெச்சிக்கிறியா?” என்று கேட்டார். இந்த ஆராய்ச்சி முறைமீது இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

கடைசியாக, திண்ணையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் ஊர் இது. கேரம் பலகை இல்லாத தெரு கிடையாது. பையன் ஸ்டூலை விட்டு எழவில்லை. சிவப்புக் காய் விழுந்தபோது மட்டும் கையை வீசிக் கூத்தாடினான். கடிகாரம் அவனுக்குத்தான் நடந்ததாகக் கணக்கு எழுதியது.

எனக்கு ஏற்றிச் சொல்கிறது, அண்ணனுக்கு இறக்கிச் சொல்கிறது. வாங்குகிறவர் மனம் கோணக் கூடாது அல்லவா? மீன்பாடி அண்ணன் கடிகாரம் வாங்குகிறவர் அல்ல.

சரி, இது யார் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு என்று தோண்டினேன். உடற்பயிற்சிக் கணக்கின் அடிப்படை அலகு ‘மெட்’. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறது என்பது கணக்கு. நடந்தால் இத்தனை மெட், ஓடினால் இத்தனை மெட் என்று பெருக்கிக்கொண்டே போகலாம். அந்த 3.5 எங்கிருந்து வந்தது? 70 கிலோ எடை, 40 வயது, ஒரே ஓர் ஆணிடமிருந்து. 2005இல் 769 பேரை ஓய்வில் வைத்து அளந்தபோது சராசரி 2.6 பக்கம்தான் வந்தது. ஒருவர் தன்பாட்டுக்கு மூச்சு விட்டதற்கு உலகமே பெருக்கல் போட்டிருக்கிறது.

நம் ஊரில் இதை யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். அதுவும் இதே சென்னையில். உடம்பு ஓய்வில் எரிப்பதைக் கணக்கிடும் ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரம் 1919இல் வந்தது. 136 ஆண்கள், 103 பெண்கள், எல்லாம் அமெரிக்கா. அதே பெனடிக்டோடு சேர்ந்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினர் மேசன் தென்னிந்தியப் பெண்களை அளந்து 1931இல் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க அளவைவிட நம் பெண்கள் ஓய்வில் எரிப்பது நன்றாகவே குறைவு. சூத்திரம் எழுதியவரே, சூத்திரம் எங்களுக்குச் செல்லாது என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. (இதை முதலாளிகள் காதில் விழாமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காரணம் கீழே.)

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. உங்களிடம் ஒரு மாதிரி ஆண் இருக்கிறார். 2020 கணக்குப்படி வயது 19 முதல் 39க்குள், எடை 65 கிலோ, உயரம் 177 சென்டிமீட்டர். நோய்நொடி இல்லை. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் படுக்கை, நாலு முதல் ஆறு மணி நேரம் உட்காரலும் உலாவலும், இரண்டு மணி நேரம் நடையும் பொழுதுபோக்கும் என்று உங்கள் பழைய ஆவணங்கள் அவரை வருணிக்கின்றன. எங்கள் பக்கம் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இப்படி ஒரு வரனைக் கேள்விப்பட்டால் விடமாட்டார்கள். விசைப்படகில் கடலுக்குப் போகும் எவருக்கும் அந்த எட்டு மணி நேரப் படுக்கையை நான் பார்த்ததில்லை. தூக்கத்தை வலை தீர்மானிக்கிறது.

இவர் படுத்தே கிடந்தால் எரிப்பது ஏறத்தாழ 1500. உட்கார்ந்த வேலை என்றால் அதை 1.4ஆல் பெருக்கி 2110, நடுத்தர உழைப்புக்கு 1.8ஆல் பெருக்கி 2710, கடும் உழைப்புக்கு 2.3ஆல் பெருக்கி 3470. இதுவரை எனக்குச் சண்டை இல்லை. யார் எந்த வரிசையில் நிற்பது என்பதில்தான் சண்டை. உங்கள் ஆய்வுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொழில் பட்டியலில் கல் உடைப்பவர், கொல்லர், சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், ரயில் பாதை கேங்மேன் இவர்களுக்குத்தான் கடும் உழைப்பு. மீனவர், மூட்டை தூக்கும் கூலி, ரிக்‌ஷா இழுப்பவர், டிரைவர், பொற்கொல்லர் எல்லாரும் நடுத்தரம்! பத்தர் ஊதுகுழலை ஊதுவதும் லோடுமேன் மூட்டையை முதுகில் வாங்குவதும் ஒரே பெருக்கல். பெண்கள் பக்கம் இன்னும் விசேஷம்: இல்லத்தரசியும் அலுவலக நிர்வாகியும் ஒரே வரிசை, உட்கார்ந்த வேலை. அடிபம்பில் அடித்த குடத்தை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போகும் எங்கள் பெண்கள் எந்த மாடிப்படியில் உட்காருகிறார்கள் என்று தெரிவித்தால் நன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் நின்று மக்கிலும் பக்கெட்டிலும் அதை அள்ளினார்கள். கருப்பு எண்ணெயை நாள் முழுக்கக் குனிந்து குனிந்து அள்ளுவதற்கு எத்தனை மெட்? எந்த வரிசை? பட்டியலில் தேடினேன், பொற்கொல்லருக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்போல.

நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடையே 760 கலோரி. அது வெறும் எண் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த நெறியில் முதல் சரக்கு கலோரிதான்: வளர்ந்த ஆளுக்கு 2700. பரிந்துரைத்தவர் அயக்ராய்ட், உங்கள் குன்னூர் காலத்து இயக்குநர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு வாய், கணக்கில் மூன்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. ஒரு மனிதன் எவ்வளவு எரிக்கிறான் என்ற ஊகத்திலிருந்துதான் அவனுக்கு எவ்வளவு தரலாம் என்ற கணக்கு கிளம்புகிறது. 1957இல் 2700, 2020இல் நடுத்தர ஆணுக்கு 2710. அறுபத்து மூன்று ஆண்டில் பத்து கலோரி உயர்வு. வேறெந்தச் சம்பளக் கமிஷனும் இவ்வளவு சிக்கனமாக நடந்துகொண்டதில்லை. துறைமுகத்தில் இதற்குள் கிரேனும் கன்டெய்னரும் வந்து மூட்டை குறைந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். காசிமேட்டில் கூடைக்குக் கிரேன் வரவில்லை.

கடிகாரம் என்னிடம் பொய் சொன்னால் எனக்கு வடை கூடும். உங்கள் பட்டியல் தவறினால் இன்னொருவருக்குச் சோறு குறையும்.

ஆகவே கோரிக்கை. துல்லியமாக அளக்கும் வழி ஒன்று உங்கள் உலகத்திலேயே இருக்கிறது: இரட்டைக் குறியிட்ட நீர். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைப்பது, பிறகு ஓரிரு வாரம் சிறுநீரைச் சோதிப்பது. ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து உடம்பு எரித்ததைக் கணக்கிடலாம். கையில் ஒன்றும் கட்ட வேண்டாம். கூடையை விட வேண்டாம். தண்ணீர் விலை அதிகம் என்கிறார்கள். தயவுசெய்து அதை லாரியில் மட்டும் அனுப்பாதீர்கள். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி நுழைந்தால் கனமான ஆக்சிஜனா, லேசானதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். குடங்கள் வரிசைக்கு வந்துவிடும்.

தண்ணீருக்கு நிதி இல்லையென்றால், மாதிரி ஆணையாவது அனுப்பிவையுங்கள். விடியுமுன் மீன் ஏலத்துக்கு நாங்களே அழைத்துப் போகிறோம். சும்மாடு இங்கேயே கிடைக்கும். உயரம் 177 என்பதால் படகின் கேபினுக்குள் குனிந்து நிற்கப் பழகிக்கொள்ளட்டும். பொழுதுபோக்குக்கான இரண்டு மணி நேரத்தை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

ஏப்ரல் 15க்கு முன்னால் வந்தாக வேண்டும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் திண்ணையில் இருப்பார்கள். அப்போது வந்து எங்களைப் பார்த்துவிட்டு, நடுத்தரம் என்று போட்டதே தாராளம் என்று எழுதிக்கொண்டு போய்விடப் போகிறார்.

இப்படிக்கு,
347 (கூடவோ குறையவோ).

இணைப்பு: கைக்கடிகாரம் ஒன்று. மீன் வாடை போகவில்லை. உறையில் வைத்து ஒட்டும்போதும் எழுந்து நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.