நான் வாங்கிக் கொடுத்த தைரியங்கள்

என் மகளிடம் யாராவது பெயர் கேட்டால் பதில் சொல்வது நான்தான். வயசு, வகுப்பு, பிடித்த பாடம், பிடிக்காத காய் என்று அடுத்தடுத்த கேள்விகளுக்கும் நானே. அவள் என் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றிய தகவல்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் அவளைப் போல வாயாடி கிடையாது, வாசல்படி தாண்டினால்தான் இந்தக் கதை. “அவ பேசுறதுக்கு நீ எங்க இடம் விட்ட?” என்று மாமியார் ஒருநாள் கேட்டார். சொன்னவர் மாமியார் என்பதாலேயே அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டில் சேர்த்தால் கூச்சம் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால் வாட்ஸ்அப். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நான் படித்த காலத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவார். நானும் மனமாரக் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ரகம் நான். இப்படிப்பட்டவள் மகளுக்கு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள்? உடையைப் பார்த்துத்தான்.

கராத்தே உடை வெள்ளை வெளேரென்று இருந்தது. முதல் வகுப்புக்குப் போகும் முன்பே போட்டோ எடுத்து, ‘வருங்கால பிளாக் பெல்ட்’ என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். கராத்தேயில் குத்துவதோடு கத்தவும் வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அடி விழும் நொடியில் அடிவயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும். ‘கியாய்’ என்கிறார்கள். மூச்சையும் வேகத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் உத்தி அது. நியாயமான உத்திதான். ஆனால் சொந்தப் பெயரைச் சொல்லவே யோசிக்கிற பிள்ளையிடம் போய் ஊர் கேட்கக் கத்து என்றால்? அவள் வாயை மட்டும் திறந்தாள், சத்தத்தை அணைத்து வைத்த டிவி மாதிரி.

வீட்டுப் பயிற்சி கொடுக்கலாமென்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் நானே கத்திக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா ஈரக்கையோடு படியேறி ஓடிவந்தார். “என்னாச்சு, பாம்பா?” அதற்குப் பிறகு மகள் வாயைக்கூடத் திறக்கவில்லை.

நீச்சல் ஒரு கோடையோடு சரி. தண்ணீரில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். கரையில் நின்று “மூக்கு, மூக்கு!” என்று அலறியது நான். கோச் என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்து நிறுத்திவிட்டேன். அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்கவில்லை. இதை இதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை.

பள்ளி விளையாட்டு விழாவில் லெமன் ஸ்பூன். அவள் நிதானமாக, அழகாக நடந்து வந்தாள். நான் கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடிக்கொண்டு “உன்னால முடியும்டா தங்கம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் உருண்டு என் செருப்புக்கடியில்தான் வந்து நசுங்கியது. சமாதானத்துக்கு அன்று ஜிகர்தண்டா. மதுரையில் எங்கள் வீட்டுச் சமாதானங்கள் எல்லாம் அந்தக் கண்ணாடி டம்ளரில்தான் நடக்கும்.

அதன் பிறகுதான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ‘இது என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வரும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதியிருக்கிறார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இதில் முதலாவதுதான் பலமானது. வெறும் வாய்ச்சொல்லில் வந்த நம்பிக்கை ஒரு சறுக்கலிலேயே போய்விடும். நான் அதுவரை முழு மூச்சாகப் பயன்படுத்தியது எதை என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்வர்டில் ஜெரோம் ககன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய காட்சி, ஒலி, வாசனைகளைக் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. வளர்ந்த பிறகு கூச்சப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ஆக, பெல்ட் கட்டி விரட்டுகிற பேய் இல்லை இது.

சிலம்பத்துக்கு அவளை நான் அனுப்பவில்லை. பின்தெரு மைதானத்தில் மாலையில் கம்பு சுழலும், இவள் ஜன்னலில் நிற்பாள். “நான் அங்க போகட்டுமா?” என்று அவளாகவே கேட்டபோதுகூட, கண்ணில் பட்டுவிட்டால் என்ன ஆவது என்று தடுத்தேன். 2024-ல் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் கண் பற்றிய கவலை குறைந்தது. கொள்கைப் பிடிப்புள்ளவள் நான்.

கம்பு நெற்றி உயரம் இருந்தால் போதும். வளரும் பிள்ளை என்று, யூனிஃபார்ம் எடுக்கிற கணக்கில், ஒரு அடி கூடுதலாக வாங்கிப் போனேன். ஆசான் ஒன்றும் பேசாமல் அறுத்துக் கொடுத்தார். முதலில் காலடி, பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். மற்ற பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க, இவள் நாள்கணக்காகச் சுவரோரம் நின்றாள். நான் போய் முதுகில் கை வைத்துத் தள்ளப் பார்த்தேன்.

“பாப்பா பயப்படலம்மா. பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க.”

போனேன். அவள் முதல் காலடியை ஒரு பிசகில்லாமல் வைத்ததை நான் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும்.

பிறகொரு நாள் மறைந்து நின்று பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. கம்பு சுழலும்போது ஆளைச் சுற்றி ஒரு வட்டம் உண்டாகிறது. அதற்குள் வந்து யாரும் பெயர் கேட்க முடியாது, கன்னத்தைக் கிள்ள முடியாது. கத்தவும் வேண்டாம், சத்தத்தைக் கம்பே போட்டுவிடும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிடத் தோதான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. அதை அவள் ஜன்னலில் நின்றே கண்டுபிடித்திருக்கிறாள்.

போன மாதம் பெட்டிக்கடையில் மீதிக் காசுக்குப் பதில் மிட்டாய் கொடுத்தார்கள். “மிட்டாய் வேணாம்ணே, காசு குடுங்க” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்த நான் அப்படியே மூடிக்கொண்டேன். இது சிலம்பத்தாலா, வயது ஒன்று கூடியதாலா என்று சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் திருவிழாவில் பிள்ளைகள் சிலம்பம் ஆடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே பெரியப்பா வீடு, சித்தி வீடு, திண்டுக்கல் அத்தை வரை போன் போட்டு அழைத்துவிட்டேன். மகள், “நான் இந்த வருஷம் ஆடலம்மா, பாக்கறேன்” என்றாள். ஒவ்வொருவருக்கும் மறுபடி போன் போட்டேன். அத்தை மட்டும் பஸ் ஏறிவிட்டார்.

இந்தப் பருவத்து ரேங்க் கார்டிலும், ‘நன்றாகப் படிக்கிறாள். இன்னும் வாய் திறந்து பேச வேண்டும்’ என்று மிஸ் எழுதியிருந்தார். பெற்றோர் கருத்து என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன்.